மீதி 139 பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், டாக்டர்

மகப்பேறு மருத்துவர்களுக்கும், ஸ்கேன் சென்டர், லேப் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் கரூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு நிகழ்தகவு வருஷா வருஷம் நடத்துகிறேன், பேயீஸ் தேற்றம் உட்பட. அந்தப் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிற பிள்ளைகளில் சிலர்தான் பிற்பாடு டாக்டராகி வருகிறார்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். கர்ப்பத்தில் எடுக்கிற டபுள் மார்க்கர் என்ற ரத்த டெஸ்ட் பற்றிய கதை அது. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறை கருவுக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்கிட்டுச் சொல்லும். கோபத்தில் ஆரம்பித்த கடிதம்தான். மூன்று வருடம் ஆனதில் கொஞ்சம் ஆறியிருக்கிறது, முழுசாக இல்லை.

ஒரு வியாழக்கிழமை, நான்காம் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன் வந்தது. லேபிலிருந்து ஒரு பெண். "மேடம், உங்க டபுள் மார்க்கர் ஹை ரிஸ்க்னு வந்திருக்கு, டாக்டரைப் பாத்துக்கோங்க." என்ன ரிஸ்க் என்று கேட்டேன். "அது டாக்டர்தான் சொல்லணும் மேடம்" என்று வைத்துவிட்டாள். எங்கள் டாக்டர் அன்றைக்கு ஊரில் இல்லை. டூட்டியில் இருந்தவர் ரிப்போர்ட்டில் சிவப்பாக இருந்த வரியைப் பார்த்தார். "டவுன் சிண்ட்ரோம் பாசிட்டிவ்மா. இன்னும் பதினாலு வாரம்கூட ஆகலை. வேண்டாம்னா இப்பவே முடிச்சுக்கலாம், லேட் பண்ணாதீங்க" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்த அத்தைக்கு "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது, அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருக்க அது போதுமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் இருந்தது 1:140. அதாவது 140-இல் ஒன்று. அதற்குக் கீழே, வாய்ப்பு 250-இல் ஒன்றைவிடக் கூடினால் ஹை ரிஸ்க் என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். என் வகுப்பில் ஒரு பையனிடம், பையில் 140 பந்து இருக்கிறது, ஒன்று சிவப்பு, கண்ணை மூடி எடுத்தால் சிவப்பு வருமா என்று கேட்டால், "வராது மிஸ், வந்தா அதிர்ஷ்டம்" என்பான். என் மாதிரி ரிசல்ட் வந்த 140 பெண்களை வரிசையாக நிறுத்தினால் அதில் 139 பேர் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை அந்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்லியிருக்க முடியும். சொல்லாதது மட்டும் இல்லை, அதற்குப் பதிலாகப் "பாசிட்டிவ்" என்ற சொல்லைச் சொன்னார்கள், கலைப்பதைப் பற்றியும் சேர்த்துச் சொன்னார்கள்.

ராத்திரி தூக்கம் வராமல் ரிப்போர்ட்டை விடைத்தாள் திருத்துவது மாதிரி வரிவரியாகப் பார்த்தேன். வயது சரி. எடை சரி. கரு வயது 13 வாரம் 2 நாள் என்று இருந்தது. ரத்தம் கொடுத்த அன்றைக்கே எடுத்த என்.டி. ஸ்கேன் (கருவின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை அளக்கிற ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், குழந்தையின் நீளம் 58 மில்லிமீட்டர், கரு வயது 12 வாரம் 2 நாள். முழுசாக ஒரு வாரம் இடிக்கிறது. எனக்கு மாதவிலக்கு எப்போதும் தள்ளித்தான் வரும், நாற்பது நாள்கூட ஆகும். ஃபார்மில் "கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி" கேட்டார்கள், சொன்னேன். அந்தத் தேதியை வைத்தே கணக்குப் போட்டுவிட்டார்கள், ஸ்கேனில் அளந்ததைத் தொடவே இல்லை.

இதில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்காக. டபுள் மார்க்கரில் பார்ப்பது இரண்டு பொருள். பாப்-ஏ என்ற புரதம் இந்த வாரங்களில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும், பீட்டா எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இறங்கிக்கொண்டே வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ள கருவில் முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருப்பது வழக்கம். பன்னிரண்டு வாரக் கருவின் ரத்த அளவைப் பதின்மூன்று வாரக் கருவோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? முதலாவது குறைவாகத் தெரியும், இரண்டாவது அதிகமாகத் தெரியும். சாதாரணக் கரு அப்படியே டவுன் சிண்ட்ரோம் மாதிரி வேஷம் கட்டி நிற்கும். லேபுக்குப் போன் செய்தேன், டாக்டர் லெட்டர் வேண்டும் என்றார்கள், லெட்டர் கொடுத்தோம், நாலு நாள் கழித்துத் திருத்திய ரிப்போர்ட் வந்தது. 1:890. சிவப்பு போய்ப் பச்சை ஆகிவிட்டது. அதே ரத்தம், அதே ஸ்கேன், ஃபார்மில் ஒரு கட்டம்தான் வேறு. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த நாலு நாளில் எங்கள் வீட்டில் பேசின பேச்சுகளை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

சரி, என் கதை ஃபார்ம் நிரப்பினதில் வந்த தப்பு. எல்லாம் சரியாக நிரப்பினாலும் இந்த டெஸ்ட் எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று அப்புறம் தேடிப் படித்தேன். 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 15,841 கர்ப்பிணிகள். அதில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்கள் 38. என்.டி. ஸ்கேனும் ரத்தமும் சேர்த்துப் பார்க்கும் வழக்கமான டெஸ்ட் அந்த 38-இல் 30-ஐப் பிடித்தது, 8-ஐ விட்டுவிட்டது. பிடித்ததோடு சேர்த்து, ஒன்றும் இல்லாத 854 பேருக்கும் ஹை ரிஸ்க் என்று சொன்னது. 884 பேர் பயந்தார்கள், அதில் பயப்படக் காரணம் இருந்தது 30 பேருக்கு. நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை.

டெஸ்ட் மோசம் என்று சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். அது சல்லடை. யாருக்கு அடுத்த டெஸ்ட் வேண்டும் என்று சலித்துக் கொடுக்கிறது, அந்த வேலைக்கு அது நல்ல சல்லடைதான். சல்லடையில் நின்றதையெல்லாம் கல் என்று சொல்லித் தூக்கிப் போடச் சொல்கிறீர்களே, அங்கேதான் பிரச்சினை.

அடுத்தது என்.ஐ.பி.டி., அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கிற டெஸ்ட். திருத்தின ரிப்போர்ட் வந்த பிறகும் வீட்டில் யாருக்கும் மனசு ஆறவில்லை, "எதுக்கும் அதையும் பாத்துருவோம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார், 16,500 ரூபாய். அம்மாவின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று டென்னிஸ் லோவும் அவர் கூட்டாளிகளும் 1997-இல் கண்டுபிடித்தார்கள், 2011 வாக்கில் அது கடைக்கு வந்துவிட்டது. அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. மேலே சொன்ன அதே ஆய்வில் இந்த டெஸ்ட் 38-க்கு 38-ஐயும் பிடித்தது, தப்பாகச் சொன்னது 9 பேருக்குத்தான். 854 எங்கே, 9 எங்கே. ஆனாலும் பாருங்கள், ஹை ரிஸ்க் என்று வந்த 47 பேரில் 9 பேருக்கு ஒன்றும் இல்லை. ஐந்தில் ஒருவர். இவ்வளவு நல்ல டெஸ்டிலேயே இதுதான் நிலைமை.

எனக்குக் கொடுத்த பளபள நோட்டீசில் இருந்தது "99.9 சதவீதம் துல்லியம்". அது தப்பில்லை. அது வேறு கேள்விக்கு விடை, அவ்வளவுதான். ஒன்றும் இல்லாத ஆயிரம் பேரில் 999 பேருக்கு ஒன்றும் இல்லை என்று சரியாகச் சொல்லும் என்பது அதன் பொருள். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறவள் கேட்பது அதை இல்லையே. "எனக்கு ஹை ரிஸ்க் வந்திருக்கு, என் குழந்தைக்கு நிஜமாகவே இருக்குமா?" என்றுதான் கேட்கிறாள். இதற்கு விடை டெஸ்டில் மட்டும் இல்லை, அவள் வயதிலும் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆயிரத்தில் ஒன்று தப்பாகச் சொல்லும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயதுப் பெண்கள் ஆயிரம் பேரை எடுத்தால் ஏறக்குறைய ஒருவர் கருவில் டவுன் சிண்ட்ரோம் இருக்கும், டெஸ்ட் அவரையும் பிடிக்கும், ஒன்றும் இல்லாத இன்னொருவரையும் பிடிக்கும். பாதிக்குப் பாதி. நாற்பது வயதில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் என்று வைத்தால், பிடிபடுகிற பதினோரு பேரில் பத்து நிஜம். ஒரே லேப், ஒரே ரிசல்ட், ஒருத்திக்குக் காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி, இன்னொருத்திக்குக் கிட்டத்தட்ட உறுதி. இருவருக்கும் நீங்கள் நீட்டுவது ஒரே காகிதம்.

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. கருவின் டி.என்.ஏ. என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. கரு ஒன்று, நஞ்சு ஒன்று என்று செல்கள் பிரிந்த பிறகு நஞ்சில் மட்டும் குரோமோசோம் கோளாறு இருக்கலாம், குழந்தை நன்றாக இருக்கும். இரட்டையாகத் தங்கி ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தாலும் அதன் டி.என்.ஏ. கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக இதில் தப்பு வருவதற்கு லேபின் கவனக்குறைவு வேண்டியதே இல்லை, உடம்பே போதும். அதனால்தான் என்.ஐ.பி.டி.யும் சல்லடைதான், கொஞ்சம் நைசான சல்லடை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பனிக்குட நீரை எடுத்துக் குழந்தையின் செல்லையே பார்க்க வேண்டும். அதில் கரு கலைகிற ஆபத்து தேர்ந்த கையில் இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. எங்கள் ஊரில் கேட்டால் "ஊசி போட்டா கலைஞ்சிரும்" என்றுதான் சொல்கிறார்கள். ஊசிக்குப் பயந்து, வெறும் ரத்த டெஸ்டை நம்பிக் கலைக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

என் முதல் சாம்பிளுக்கு ரிசல்ட்டே வரவில்லை. பத்து நாள் கழித்து, ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வில் கருவின் பங்கு போதவில்லை, மறுபடி ரத்தம் வேண்டும் என்றார்கள். சுமார் நாலு சதவீதமாவது வேண்டுமாம், எனக்கு 2.8. உடம்பு எடை கூடினவர்களுக்கு இப்படி ஆவது சகஜம் என்று அப்புறம்தான் படித்தேன். நான் 78 கிலோ. ரத்தம் எடுக்கிற அன்றைக்கே என்னை எடை மெஷினில் நிறுத்தினார்கள், எழுதிக்கொண்டார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது தடவை லோ ரிஸ்க் என்று வந்தபோது எனக்குப் பதினேழரை வாரம். குழந்தை அசைகிறது தெரிய ஆரம்பித்திருந்தது. இதே இடத்தில் ஹை ரிஸ்க் என்று வந்திருந்தால், பனிக்குட நீர் எடுத்து, முழு ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, இருபது வாரத்தைத் தாண்டியிருப்பேன். 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி இருபது வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும், இருபத்துநாலு வரை இரண்டு டாக்டர் வேண்டும், அதற்கு மேல் குழந்தைக்குப் பெரிய குறை இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். நேரம் இருக்கிறது, கலவரப்படாமல் செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்பதுதான் இதன் பொருள். என்னிடம் சொன்னது "லேட் பண்ணாதீங்க".

அப்புறம் அந்த "கூடுதல் பேக்கேஜ்". நாலாயிரம் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் அரிதான நோய்களையும் பார்த்துவிடலாம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள், புடவைக்கு ஃபால்ஸ் சேர்த்துத் தைக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. குரோமோசோமில் சின்னத் துண்டு விட்டுப்போவதால் வரும் கோளாறுகள் அவை. இருபதாயிரத்தில் ஒரு கருவுக்கு வருகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 99.9 சதவீதத் துல்லியம் இருந்தாலும் இருபதாயிரம் பேரில் இருபது பேருக்குப் பொய்யாக வரும், நிஜமாக ஒருவருக்கு. இருபத்தொன்றில் ஒன்று! அமெரிக்காவில் 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் இதைத் தோண்டி, இப்படிப்பட்ட சில அரிய நோய்களுக்கு ஹை ரிஸ்க் என்று வருவதில் நூற்றுக்கு எண்பத்தைந்து வரை தப்பு என்று எழுதியது. ஏப்ரலில் அந்த நாட்டு மருந்து, மருத்துவச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரிக்கை வெளியிட்டது, இந்த டெஸ்டில் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை என்றும், உறுதி செய்யாமல் இதை மட்டும் நம்பிக் கருவைக் கலைத்தவர்கள் இருக்கிறார்கள் என்றும். அது அங்கே. இங்கே கவுண்டரில் நாலாயிரம்.

பச்சை நிறத்தில் வருகிறதே, அதைப் பற்றியும் பேச வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சர் ஒருவருக்கு 1:3200. ரிப்போர்ட் மேலேயே நீல மையில் "நார்மல்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார்கள். பையன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தான், இதயத்தில் ஓட்டையும் இருந்தது, ஆபரேஷன் ஆனது, இப்போது ஐந்து வயது, எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் மேடைக்கு முன்னால் நின்று எல்லாப் பாட்டுக்கும் ஆடினான். பையனைப் பற்றி அவளுக்கு வருத்தம் எதுவும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. அந்த நீல மையைப் பற்றிப் பேசினால்தான் குரல் மாறும். முதல்நாளே தெரிந்திருந்தால் இதய டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்திருப்பேன், மூன்றாம் நாள் குழந்தை நீலம் பாய்ந்து ஆம்புலன்சில் ஓடியிருக்க வேண்டாம் என்பாள். 3200-இல் ஒருவர் என்றால் அந்த ஒருவர் யாராவது ஒருத்தியாக இருக்கத்தானே வேண்டும். அதை "நார்மல்" என்று எழுதினால் அவள் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறாள்.

பச்சை வந்தால் எல்லாமே சரி என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம், அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில் நடக்கிற கல்யாணம், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன். என்னுடையதும் அப்படித்தான், அத்தை என்று மேலே எழுதினது மாமியாருக்கு மரியாதையாகச் சொன்னது இல்லை, நிஜமாகவே என் அப்பாவின் தங்கை. இப்படிக் கட்டினவர்களுக்கு வருகிற பயம், இரண்டு பேரிடமும் ஒளிந்திருக்கிற ஒரே ஜீன் கோளாறு பிள்ளைக்குச் சேர்ந்து போவது. பிறவிச் செவிட்டுத்தன்மையில் ஒரு பங்கு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, சில வளர்சிதை மாற்ற நோய்கள். டபுள் மார்க்கரும் வழக்கமான என்.ஐ.பி.டி.யும் இதில் எதையுமே பார்ப்பதில்லை. தலசீமியாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலோ கர்ப்பத்தின் ஆரம்பத்திலோ அம்மா அப்பா ரத்தத்தைப் பார்த்தாலே முக்கால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும், செலவும் குறைவு. என்.ஐ.பி.டி.க்குப் பதினாறாயிரம் கேட்டவர்கள் யாரும், "நீங்க சொந்தமா?" என்று கேட்டுவிட்டு அதற்கான டெஸ்ட்டைச் சொல்லவில்லை. கேட்டார்கள், ஃபார்மில் டிக் போட்டார்கள், அதோடு சரி.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. காலை ஓ.பி.யில் எண்பது பேர், வெளியே இரண்டு பிரசவ வலி, நடுவில் ஒருத்திக்கு நிகழ்தகவு பாடம் எடுக்க எங்கே நேரம். மரபணு ஆலோசகர் என்று ஒருவரைச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் கருவில் குறை கண்டுபிடிக்கச் செய்கிற சோதனைகளுக்கு, பக்கவிளைவுகளை விளக்கி, அந்தப் பெண்ணுக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று 1994-ஆம் வருடத்துச் சட்டமே சொல்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்பதற்கு அந்தச் சட்டத்தைச் சுவர் சுவராக ஒட்டி வைத்திருக்கிறீர்கள், நல்லது, ஒட்டத்தான் வேண்டும். அதே சட்டத்தின் இந்த வரியை மட்டும் யாரும் ஒட்டுவதில்லை. எனக்குக் கொடுத்த சம்மதப் படிவம் மூன்று பக்கம், முழுக்க இங்கிலீஷ். "இங்க, இங்க, இங்க" என்று சிஸ்டர் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். எம்.எஸ்சி. படித்த நானே படிக்காமல்தான் போட்டேன்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஹை ரிஸ்க் என்றால் லேபிலிருந்து போனில் சொல்ல வேண்டாம், டாக்டர் நேரில் சொல்லட்டும். சொல்வதற்கு முன்னால் ஸ்கேனில் அளந்த கரு வயதும் லேப் போட்டிருப்பதும் ஒன்றா, எடை சரியா, ஒரே குழந்தையா என்று ஒரு நிமிடம் பார்க்கட்டும். என்.ஐ.பி.டி. ரிப்போர்ட்டில் 99.9-க்குப் பக்கத்தில், இந்த வயதுப் பெண்ணுக்கு இப்படி ரிசல்ட் வந்தால் நூற்றில் எத்தனை பேருக்கு நிஜம் என்ற எண்ணையும் அச்சடியுங்கள், லேப்காரர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு நொடி வேலை. உறுதி செய்யும் டெஸ்ட் முடியும்வரை கலைப்பதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம், அந்தப் பெண்ணே கேட்டால் தவிர.

ரத்தம் எடுக்கிற அறையில் ஒட்டுவதற்கு நானே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்:

"டபுள் மார்க்கர் ஒரு சல்லடை டெஸ்ட். இதில் ஹை ரிஸ்க் என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் குழந்தைக்கு அந்தக் குறை இருப்பதில்லை. லோ ரிஸ்க் என்று வருகிறவர்களில் மிகச் சிலரின் குழந்தைக்கு இருக்கலாம். என்.ஐ.பி.டி. இதைவிட நன்றாகச் சலிக்கும், அதுவும் முடிவான டெஸ்ட் இல்லை. உறுதியாகத் தெரிய பனிக்குட நீர் டெஸ்ட் வேண்டும். எந்த டெஸ்டையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்."

மருத்துவத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சொல் கடினமாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். "பாசிட்டிவ்" என்ற சொல்லை மட்டும் எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்
கரூர் மாவட்டம்